ஆறு நிமிடத் தண்ணீர்

"தொட்டியில 4,500 லிட்டர் நிக்குதுங்க" என்றார் ஓட்டுநர் அண்ணன், தீயணைப்பு வண்டியின் சிவப்புத் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டி.

"எவ்வளவு நேரம் வரும்ங்கண்ணா?"

"நல்லாத் திறந்து விட்டா ஆறு நிமிஷம். ஏழுன்னா பெருசு."

நான் நம்பவில்லை. எங்கள் தெருவில் அதே அளவு லாரித் தண்ணீர் இறங்கினால் பத்து வீடு இரண்டு நாள் ஓட்டிவிடும். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன்.

வண்டியின் பம்ப் தண்ணீரை ஏறத்தாழ 7 பார் அழுத்தத்தில் தள்ளும். ஒரு பார் என்பது, ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தில் ஒரு கிலோ எடைக்கல்லை வைத்து அழுத்துவதற்குக் கிட்டத்தட்டச் சமம். அந்தத் தண்ணீர் குழாயின் நுனியில் மாட்டும், 20 மில்லிமீட்டர் வாய் உள்ள பிராஞ்ச் என்ற பித்தளை முனையிலிருந்து நொடிக்கு 37 மீட்டர் வேகத்தில் வெளியே பாயும். மணிக்கு 135 கிலோமீட்டர். நம் ஊர் பஸ் எதுவும் எட்டாத வேகம். அந்த வேகத்தில் நிமிடத்துக்கு 700 லிட்டர் காலியாகும். 4,500ஐ 700ஆல் வகுத்தால் ஆறு நிமிடமும் கொஞ்சம் நொடிகளும். அண்ணன் காகிதம் எடுக்காமலே சொன்னது சரி.

அன்றிலிருந்து தீயணைப்பு நிலையத்தில் எந்தச் சாமானைக் காட்டினாலும் இரண்டு கேள்விதான் கேட்கிறேன். இதில் எவ்வளவு அழுத்தம்? இது எத்தனை நிமிடம் தாங்கும்? பாதிச் சாமான்களின் ரகசியம் முதல் கேள்வியிலேயே அவிழ்ந்துவிடுகிறது.

வண்டியிலிருந்தே தொடங்கலாம். அதன் பம்புக்குத் தனி எஞ்சின் கிடையாது. சக்கரத்தைச் சுழற்றி ஊர்வரை ஓட்டி வந்த அதே டீசல் எஞ்சினின் சக்தியை, வண்டி நின்றதும் ஒரு நெம்புகோலை மாற்றிப் பம்புக்குத் திருப்பிவிடுகிறார்கள். பி.டி.ஓ. என்று அதைச் சொல்கிறார்கள். அதனால் தீ எரியும் இடத்தில் ஓட்டுநர் வண்டியை விட்டு நகரவே முடியாது. பம்புப் பலகையின் முன்னால் நின்று, அழுத்தமானியின் முள்ளையும் எஞ்சினின் சத்தத்தையும் கவனித்தபடி ஆக்ஸிலரேட்டரைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருப்பார். முன்னால் குழாயைப் பிடித்திருப்பவர்களின் பாதுகாப்பு அவர் கையில் இருக்கிறது.

ஆறு நிமிடம் தீர்ந்ததும் வேறெங்கிருந்தாவது தண்ணீர் வந்தாக வேண்டும். பெருநகரத்துக்கு ஹைட்ரன்ட் என்ற தெருத் தீயணைப்புக் குழாய் உண்டு, பின்னாலேயே பெரிய தண்ணீர் லாரிகள் வரும். சிற்றூரில் குளம், கண்மாய், வாய்க்கால், கிணறு. வண்டியின் பக்கவாட்டில் கட்டியிருக்கும் தடித்த, மடங்காத குழாய் அதற்குத்தான். அதன் முனையில் வடிகட்டி ஒன்று. குப்பையும் பாசியும் ஏறாமல் இருக்க அதற்குமேல் ஒரு கூடை.

இந்தக் குழாயைக் கிணற்றில் இறக்கிப் பம்பை ஓட்டினால் தண்ணீர் வந்துவிடும் என்று நினைப்போம். வராது. வண்டியில் இருப்பது மையவிலக்குப் பம்ப், தன் சக்கரத்தில் சிக்கியதைத்தான் வீசும். உள்ளே காற்று இருந்தால் காற்றை வீசும். காற்றோ தண்ணீரைவிட 800 மடங்கு அடர்த்தி குறைந்தது. தண்ணீரை 70 மீட்டர் உயரத்துக்குத் தள்ளும் பம்ப், வெறும் காற்றைச் சுழற்றினால் கிணற்றுத் தண்ணீரை அரைச் சாண்கூட மேலே இழுக்காது. நம் விவசாயிகள் இதை எந்தப் புத்தகமும் படிக்காமல் அறிவார்கள். மோட்டாரைப் போடுமுன் பம்புக்குள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவதும், ஃபுட் வால்வு கசிந்தால் சாணியைக் கரைத்து ஊற்றி அடைப்பதும் இதற்குத்தான். தீயணைப்பு வண்டியில் இந்த வேலையை பிரைமர் என்ற சிறு கருவி செய்கிறது. குழாயில் உள்ள காற்றை அது உறிஞ்சி வெளியே துப்பியதும் கிணற்றுத் தண்ணீர் தானாக ஏறி வரும்.

தானாக என்று சொன்னது சும்மா இல்லை. தண்ணீரைப் பம்ப் இழுப்பதில்லை. குழாய்க்குள் காற்று இல்லாமல் போனதும், கிணற்றின் மேல் பரவிக் கிடக்கும் வாயுமண்டலம் தண்ணீரை அழுத்திக் குழாய்க்குள் ஏற்றுகிறது. அந்த வாயுமண்டலத்தின் பலம் ஒரே ஒரு பார். அதனால் ஏற்ற முடிந்த உயரம் அதிகபட்சம் 10.3 மீட்டர். பிளாரன்ஸ் நகரத்துப் பம்புக்காரர்களை அலைக்கழித்த சிக்கல் இது. என்ன செய்தாலும் உறிஞ்சு பம்ப் ஓர் அளவுக்கு மேல் தண்ணீரை ஏற்ற மறுக்கிறது என்பதை கலிலியோ 1638இல் வெளிவந்த தம் நூலில் குறிப்பிட்டார். 1643இல் அவருடைய சீடர் டாரிசெல்லி பாதரசத்தை வைத்து விடையைக் காட்டினார். நாம் காற்றுக் கடலின் அடியில் வாழ்கிறோம், அதன் எடைக்கு ஓர் எல்லை இருக்கிறது என்பதே விடை. இன்றைக்கு எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய வண்டியாக இருந்தாலும் அந்த எல்லையைத் தாண்டாது. உராய்வு, கசிவு எல்லாம் போக நடைமுறையில் 7 மீட்டர் ஏறினால் சந்தோஷம். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றே மெலிந்திருப்பதால் ஏட்டுக் கணக்குப்படியே 8 மீட்டருக்குக் குறைவாகத்தான் ஏறும்.

கொங்கு நாட்டுக் கிணறுகள் எண்பது அடி, நூறு அடி போகும். அவற்றின் முன்னால் வண்டியின் உறிஞ்சு குழாய் வெறும் அலங்காரம். அங்கே தீயணைப்போர் செய்வது, தோட்டக்காரரைக் கூப்பிட்டு அவருடைய மோட்டாரைப் போடச் சொல்வது. கீழே இருந்து தள்ளும் நீர்மூழ்கி மோட்டாருக்கு டாரிசெல்லியின் எல்லை கிடையாது. குளத்திலும் ஏரியிலும் மிதக்கும் பம்பை இறக்கிவிடுகிறார்கள். அதுவும் அதே தந்திரம்: தண்ணீரைப் பம்பிடம் கொண்டுவருவதை விட்டுப் பம்பைத் தண்ணீரிடம் கொண்டுபோவது.

அடுத்தது ஹோஸ். வண்டியில் அப்பளம்போலத் தட்டையாகச் சுருட்டிக் கிடக்கும். தண்ணீர் ஏறியதும் 63 மில்லிமீட்டர் விட்டத்துக்கு உப்பி மரக்கட்டைபோல விறைத்துவிடும். 15 மீட்டர் நீளத்துக்குள் 47 லிட்டர் தண்ணீர் நிற்கும். நான்கு நீளத்தை இணைத்து மாடிப்படியில் இழுத்துக்கொண்டு ஏறுபவர்கள் தண்ணீர் எடை மட்டும் 190 கிலோவை இழுக்கிறார்கள். வெறும் ஹோஸை மேலே கொண்டுபோன பிறகே "தண்ணி விடு" என்று குரல் கொடுப்பதன் காரணம் அதுதான். ஆம்ஸ்டர்டாமில் 1670களில் யான் வான் டர் ஹெய்டன் என்ற ஓவியர் தோலால் முதல் தீயணைப்பு ஹோஸைச் செய்து காட்டினார். அதற்கு முன்பு வரை, எரியும் வீட்டின் வெளியே நின்று தண்ணீரை வீசத்தான் முடிந்தது. ஓவியர் செய்த காரியம் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

பிராஞ்சைப் பிடித்துப் பார்க்க என்னை அனுமதித்தார்கள். "கால அகட்டி வைங்க தம்பி, முன்னால சாஞ்சுக்கோங்க" என்று பின்னால் ஒருவர் தோளைப் பிடித்துக்கொண்டார். மூன்று பார் அழுத்தத்தில்தான் விட்டார்கள். அதற்கே யாரோ நெஞ்சில் கை வைத்துத் தள்ளுவதுபோல இருந்தது. முழுதாக 7 பாரில் அந்த 20 மில்லிமீட்டர் வாய் பின்னோக்கித் தள்ளும் விசை 45 கிலோ. ராக்கெட்டை மேலே அனுப்பும் அதே நியூட்டனின் மூன்றாம் விதி, இங்கே மனிதரை மல்லாத்தப் பார்க்கிறது. கை நழுவினால் பித்தளை முனை பாம்புபோலத் துள்ளி எதிரில் இருப்பவரின் மண்டையை உடைக்கும்.

இவ்வளவு பாடுபட்டு அனுப்பும் தண்ணீர் தீயை எப்படி அணைக்கிறது? நனைத்து என்று சொல்வோம். தண்ணீர் சூட்டைத் தின்பதுதான் உண்மையான காரணம். 30 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீர் கொதிநிலைக்கு வர ஏறத்தாழ 290 கிலோஜூல் வெப்பம் வேண்டும். ஆனால் கொதிநீர் ஆவியாக மாற 2,257 கிலோஜூல் வேண்டும், அதைப்போல எட்டு மடங்கு. எனவே ஆவியான தண்ணீர்தான் வேலை செய்த தண்ணீர். பத்து டிகிரி சூடேறி வாசல்வழியே தெருவுக்கு ஓடிவரும் தண்ணீர், தன்னால் முடிந்ததில் அறுபதில் ஒரு பங்கு வேலையைத்தான் செய்திருக்கிறது. தீ அணைந்த பிறகு தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றால், "எவ்வளவு தண்ணி அடிச்சாங்க பாரு" என்று வியப்பதைவிடக் கொஞ்சம் வருத்தப்படலாம்.

ஆவியாக வேண்டுமென்றால் தண்ணீர் வெப்பத்தைப் பரவலாகத் தொட வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு மில்லிமீட்டர் துளிகளாக உடைத்தால் சுமார் 19 லட்சம் துளிகள் கிடைக்கும். அவற்றின் மொத்தப் பரப்பு ஆறு சதுர மீட்டர், சின்ன அறையின் தரை அளவு. இதனால்தான் பிராஞ்சின் முனையைத் திருகினால் ஈட்டிபோலப் பாயும் தாரை குடைபோல விரிகிறது. தூரத்துக்கு ஈட்டி, சூட்டுக்குக் குடை. அந்தக் குடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டே தீயை நெருங்கவும் முடியும். இதையே இன்னும் நுணுக்கினால் பனிபோன்ற தூவல். நகரங்கள் சிலவற்றில் புல்லட் பைக்கில் தண்ணீர்த் தொட்டியும் உயரழுத்தத் தூவியும் கட்டிக்கொண்டு, பெரிய வண்டி நுழையாத சந்துகளுக்குப் போகிறார்கள். இந்த ஆவிக்கு இன்னொரு முகமும் உண்டு. தண்ணீர் ஆவியானால் 1,700 மடங்கு விரியும். மூடிய அறையில் அது காற்றை வெளியே தள்ளித் தீயை மூச்சுமுட்ட வைக்கும். உள்ளே இருக்கும் தீயணைப்போரின் தோலையும் வேகவைக்கும்.

பலகாரக் கடையின் எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதே என்பதற்கும் இந்த 1,700தான் காரணம். தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் இறங்கி, அங்கே வெடித்து விரிந்து, எரியும் எண்ணெயைக் கூரைவரை தூக்கி எறியும். அதற்கு மூடி அல்லது நுரை. நுரைக் கரைசலை நூற்றுக்கு மூன்று என்ற அளவில் தண்ணீரோடு கலந்து, எரிபொருளின் மேல் போர்வைபோல விரிக்கிறார்கள். சிவகாசிப் பக்கம் வேறு கதை. பட்டாசு மருந்து தனக்கு வேண்டிய ஆக்ஸிஜனைத் தானே சுமந்திருக்கிறது, போர்வை பயன்படாது. அதிலுள்ள அலுமினியத் தூள் தண்ணீர் பட்டால் ஹைட்ரஜனை விடும். கேஸ் சிலிண்டரின் வாயில் தீ எரிந்தால், வால்வை மூட வழியில்லாதபோது அந்தச் சுடரை அணைக்கவே கூடாது. அணைத்தால் கேஸ் காற்றைவிடக் கனமானதால் தரையில் பரவிப் பக்கத்து வீட்டு அடுப்பைத் தேடிப் போகும். சிலிண்டரின் உடம்பை மட்டும் தண்ணீரால் குளிரவைத்துக்கொண்டே வால்வை நெருங்க வேண்டும். மின்சார ஸ்கூட்டர், காரின் லித்தியம் பேட்டரிதான் இப்போதைய தலைவலி. உள்ளேயே சூட்டைப் பெருக்கிக்கொள்ளும், அணைந்ததுபோல இருந்து சில மணி நேரம் கழித்து மறுபடி எரியும். கார் பேட்டரியைத் தொடர்ந்து குளிரவைத்தாக வேண்டும் என்பதால், நமது ஆறு நிமிடத் தொட்டி அதற்குக் காணாது.

புகையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. தீ விபத்தில் பலர் தீக்காயத்துக்கு முன்பே புகையில் சாகிறார்கள். கார்பன் மோனாக்ஸைடு, ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுடன் பிடித்துக்கொள்ளும். மெத்தை, சோபாவின் பஞ்சு எரிந்தால் ஹைட்ரஜன் சயனைடும் சேரும். அதனால் முதுகில் சிலிண்டர். பத்திரிகைகள் இதை ஆக்ஸிஜன் சிலிண்டர் என்று எழுதுவதைத் தீயணைப்போர் சிரித்துக்கொண்டே திருத்துவார்கள். உள்ளே இருப்பது நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்று. தீக்குள் ஆக்ஸிஜனைச் சுமந்துகொண்டு போவது வினையை விலைக்கு வாங்குவது. 6.8 லிட்டர் கார்பன் இழைச் சிலிண்டருக்குள் 300 பார் அழுத்தத்தில் சுமார் 2,000 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 40 லிட்டர் என்று வைத்தால் ஐம்பது நிமிடம். ஆனால் இருட்டில், வெக்கையில், ஆளைத் தூக்கிக்கொண்டு படியேறும் மனிதர் அதைப்போல இரு மடங்கு இழுப்பார். ஐம்பது நிமிடம் இருபத்தைந்து ஆகிவிடும். அழுத்தம் 50 பார் அளவுக்கு இறங்கியதும் ஒரு விசில் தானாக ஊதத் தொடங்கும், நிற்காது. மின்கலம், கம்பி எதுவும் கிடையாது. மிச்சமிருக்கும் காற்றிலேயே ஒரு துளி அந்த விசிலை ஊதுகிறது.

நெடுஞ்சாலை விபத்துக்கான பெட்டியைத் திறந்தால் அழுத்தம் இன்னும் ஒரு படி ஏறுகிறது: 700 பார். நண்டின் கொடுக்குபோல ஒரு வெட்டி, அலகுபோல ஒரு விரிப்பான். நசுங்கிய காரில் மாட்டியவர்களை எடுக்க இவைதான். கார்ப் பந்தயங்களில் ஓட்டுநர்களை வெளியே எடுக்க நேரமாவதைப் பார்த்து ஜார்ஜ் ஹர்ஸ்ட் என்ற அமெரிக்கர் 1960களில் இதை உருவாக்கினார். அடிப்படையோ ஒன்பதாம் வகுப்பில் எல்லோரும் மனப்பாடம் செய்த பாஸ்கல் விதி. மெல்லிய குழாயில் வரும் எண்ணெய், 8 சென்டிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டனின் பரப்பு 50 சதுர சென்டிமீட்டர், ஒவ்வொன்றிலும் 700 கிலோ. பெருக்கினால் 35 டன். நின்று பார்ப்பவர்கள் எதிர்பார்ப்பது தீப்பொறியும் இரைச்சலும். இது மெதுவாக, கிட்டத்தட்டச் சத்தமே இல்லாமல் மூடும். கதவுத் தூண் முதலில் சப்பையாகும், பிறகு கரும்பு முறிவதுபோல ஒரே ஒரு சத்தம். பெட்ரோல் கசியும் இடத்தில் பொறி பறக்காமல் இருப்பதுதான் இதன் பெரிய குணம். அதே பெட்டியில் ரப்பர் மெத்தைபோல இரண்டு பைகள் இருக்கும், ஓர் அங்குலத் தடிமன்தான். லாரியின் அடியில் செருகி 8 பார் காற்றை ஏற்றினால், அறுபதுக்கு அறுபது சென்டிமீட்டர் பை ஏட்டுக் கணக்கில் சுமார் 29 டன்னைத் தூக்கும். உப்ப உப்ப நடுப்பகுதி மட்டுமே தொடுவதால் பலம் குறைந்துகொண்டே வரும். அதனால் தூக்கிய ஒவ்வொரு அங்குலத்துக்கும் மரக்கட்டையை அடுக்கிக்கொண்டே போவார்கள். இந்தப் பைக்கான காற்று எங்கிருந்து வருகிறது தெரியுமா? முதுகில் சுமந்த அதே சுவாசச் சிலிண்டரிலிருந்து.

உயர ஏணிகளைப் பற்றித்தான் எல்லோரும் கேட்பார்கள். சென்னையில் 14 மாடி எல்.ஐ.சி. கட்டடம் 1975இல் தீப்பிடித்ததிலிருந்து அந்தக் கேள்வி இருக்கிறது. பின்லாந்தின் பிரான்டோ நிறுவனம் 112 மீட்டர் உயரும் ஸ்கைலிஃப்ட் வரை செய்கிறது. சிற்றூர் வண்டியின் கூரையில் இருப்பது 35 அடி அலுமினிய ஏணி. மூன்றாம் மாடி ஜன்னலுக்கு அது போதும், ஊரில் அதற்குமேல் கட்டடமும் அதிகமில்லை. போதும்.

உண்மையில் எங்கள் நிலையத்தில் அதிகம் தேய்ந்த சாமான்கள் வேறு. கயிறு, வலை, பாம்பு பிடிக்கும் கோல், மரம் அறுக்கும் ரம்பம், அப்புறம் பாதாளக் கொலுசு. கொலுசு என்றதும் அழகான பொருளாக நினைக்க வேண்டாம். இரும்பு வளையத்தைச் சுற்றிலும் கொக்கிகள் தொங்கும். கிணற்றில் விழுந்த வாளியை எடுக்க வீட்டுக்கு வீடு இருந்தது. நிலையத்தில் இருப்பது அதன் பெரிய உருவம். தண்ணீருக்கு அடியில் போய்விட்டவர்களின் உடலைத் தேட அதைத்தான் இறக்குகிறார்கள். அதைக் காட்டும்போது மட்டும் யாரும் விளக்கம் சொல்லவில்லை.

உயிரோடு இருப்பவரை எடுக்கக் கிணற்றில் இறங்குவதில் ஒரு பழைய பொறி உண்டு. விளக்கை ஏற்றிக் கயிற்றில் இறக்கி, அணையாவிட்டால் இறங்கலாம் என்பது வழக்கம். ஆக்ஸிஜன் குறைந்திருந்தால் விளக்கு அணையும், அதுவரை சரி. ஆனால் அழுகிய கழிவிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு, விளக்கு நன்றாக எரியும் அளவிலேயே ஆளைச் சாய்த்துவிடும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும். அளவு கூடியதும் மூக்கு மரத்து நாற்றமே நின்றுவிடும், வாயு போய்விட்டதாக நினைப்போம். முதலாமவர் விழ, காப்பாற்ற இறங்கிய இரண்டாமவர் விழ, மூன்றாமவரும் விழுந்த செய்திகளின் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கும். மேலே இருப்பவரின் பதற்றம் புரிகிறது. ஆனாலும் முதுகில் சிலிண்டர் இல்லாமல் இறங்கவே கூடாது.

மாடு விழுந்த கிணறுகளுக்கு வேறொரு பொருள் போகிறது. 350 கிலோ எடையுள்ள மாட்டை விரல் தடிமன் கயிற்றில் தூக்கினால் கயிறு வயிற்றை அறுக்கும். அதனால் ஓட்டையாகித் தள்ளுபடி செய்த பழைய ஹோஸை எடுத்துக்கொள்கிறார்கள். தட்டையாக மடித்தால் பத்து சென்டிமீட்டர் அகலம், கயிற்றைப்போலப் பத்து மடங்கு. அழுத்தம் பத்தில் ஒன்றாகிவிடும். முன்காலுக்குப் பின்னால் ஒன்று, பின்காலுக்கு முன்னால் ஒன்று என்று இரண்டு பட்டை போட்டு, ஜே.சி.பி. கையில் மாட்டித் தூக்குகிறார்கள். தன் ஆயுள் முழுக்க 7 பாரைத் தாங்கிய துணி, கடைசியில் அழுத்தத்தைக் குறைக்கும் வேலைக்கு வருகிறது.

நான் அங்கிருந்த சாயங்காலம் அப்படி ஒரு மாட்டை எடுத்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். போகும் வழியில் ஒரு குப்பைமேட்டுத் தீயிலும் தண்ணீர் செலவாகியிருந்தது. நனைந்த ஹோஸ்களைச் சேறு போகக் கழுவி, ஈரம் வடிய உயரத்தில் தொங்கவிட்டார்கள். நிலையத்து ஆழ்குழாய்க் கிணற்று மோட்டார் நிமிடத்துக்கு நூறு லிட்டர்தான் கொடுக்கிறது. ஆறு நிமிடத்தில் தீர்ந்த தண்ணீர் நிறைய முக்கால் மணி நேரம்.

வாசலில் டீக்காரர் சைக்கிள் மணி அடித்தார். யாரும் அசையவில்லை.

"டேங்க் வழியட்டுங்க, அப்புறம் குடிச்சுக்கலாம்" என்றார் ஓட்டுநர் அண்ணன். கொஞ்ச நேரத்தில் தொட்டியின் மேல்வாயிலிருந்து தண்ணீர் பொங்கி வண்டியின் சிவப்பில் வழிந்து இறங்கியது. அவர் மோட்டாரை நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்தபடி டம்ளரை வாங்கிக்கொண்டார்.